ஒரு 'லாம்' படும் பாடு

விஞ்ஞானிக்கும் படமெடுப்பவருக்கும் நடக்கும் சண்டையை ஒரே விகுதியில் அடக்கிவிடலாம். "வெப்பத்தால் இந்தப் பூச்சி குறைந்திருக்கலாம்" என்பார் விஞ்ஞானி. "குறைந்துவிட்டது" என்றால்தான் பின்னணிக் குரல் எடுபடும் என்பார் இயக்குநர். இந்தி வர்ணனைகளைத் தமிழாக்கிய காலத்தில் இந்த 'லாம்' காணாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திரும்பப் புகுத்தினால், 'நேரம் இடிக்கிறது' என்பார்கள்.

இந்த இரு தரப்பையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்தது தேசிய அறிவியல் திரைப்பட விழா. மத்திய அரசின் விஞ்ஞான் பிரசார் அமைப்பு 2011இல் தொடங்கியது. டில்லியோடு நின்றுவிடாமல் 2016இல் மும்பை, 2017இல் கொல்கத்தா, 2018இல் குவாஹாட்டி என்று ஊர் ஊராகப் போனது. நிறுவனங்களுக்கு ஒரு பிரிவு, சுயேச்சைப் படக்காரர்களுக்கு ஒன்று, கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று. பள்ளிப் பிள்ளைகளின் பிரிவுக்கு 'ரெயின்போ' என்று பெயர்.

நிறுவனப் படங்களில் பல, ஆண்டறிக்கைக்கு இசை சேர்த்த மாதிரி இருக்கும். காரணம் திறமைக் குறைவு அல்ல. படம் முடிந்த பிறகு, 'தப்பு இருக்கிறதா பாருங்கள்' என்று விஞ்ஞானியிடம் காட்டுகிறார்கள். அதற்குள் எல்லா 'லாம்'களும் போயிருக்கும்.

தொடக்கத்திலேயே கூடி உட்கார்ந்த காலமும் இங்கே உண்டு. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. குழந்தைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளை இஸ்ரோவே தயாரித்தது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநர் அப்போது யஷ் பால். காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர். ராக்கெட் விடும் துறை எதற்குப் படம் எடுக்க வேண்டும் என்ற கேள்வி அவரைத் தடுக்கவில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்துக்கென்று தனி ஒளிபரப்பும் நடந்தது. பின்னாளில் 'பவனி பவாய்' எடுத்த கேத்தன் மேத்தா போன்ற புனே திரைப்படக் கல்லூரிக்காரர்கள் இஸ்ரோவில் தயாரிப்பாளர்களாக வேலை பார்த்தார்கள். விஞ்ஞானியும் இயக்குநரும் ஒரே அலுவலகத்தில் சம்பளம் வாங்கினால் சண்டை தினமும் நடக்கும், உண்மைதான். ஆனால் அது கதை எழுதும்போதே நடக்கும்.

திருவிழா அந்த வேலைக்கு முழு மாற்று ஆகாது. இருந்தாலும் நாலைந்து நாள் ஒரே அரங்கில் படம் பார்த்து, டீக்கடையில் தொடர்ந்து வாதாடியவர்கள் அடுத்த படத்தைச் சேர்ந்து யோசிக்க ஒரு வாய்ப்பாவது இருந்தது. 2015இல் டில்லி ஐ.ஐ.டி.யில் தொடங்கிய இந்திய சர்வதேச அறிவியல் விழாவிலும் படங்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அங்கே சினிமா பல கடைகளில் ஒரு கடை.

1989இல் பிறந்த விஞ்ஞான் பிரசார் 2023இல் மூடப்பட்டது. ஆரம்ப வருடங்களில் 'ரெயின்போ'வுக்குப் படம் அனுப்பிய பிள்ளைகள் இப்போது கல்லூரியைத் தாண்டியிருப்பார்கள். எத்தனை பேர் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள், எத்தனை பேர் கேமராவைக் கையில் எடுத்தார்கள்? கேட்டுப் பார்க்கலாம் என்றால், அந்த அலுவலகம் இல்லை.