உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் அட்டையும் நம் ஊர் நுளம்பும்

மஞ்சள் காய்ச்சல் ஆசியாவில் இதுவரை வேரூன்றியதில்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய நுளம்பு இங்கேயே இருக்கிறது. வெள்ளவத்தை மாடிவீட்டுப் பூச்சாடித் தட்டிலும் கொட்டாஞ்சேனைக் கூரைப் பீலியிலும் முட்டையிட்டு டெங்கு பரப்பும் அதே ஈடிஸ் எஜிப்டி! நோயோடு ஒருவர் வந்திறங்கினாலே ஆபத்து. அதனால்தான் உகண்டா, கானா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து வருவோரிடம், வியாபாரியானாலும் மாணவரானாலும், இலங்கை தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் அட்டையைக் கேட்கிறது. 9 மாதம் தாண்டிய குழந்தைக்கும் அது வேண்டும்.

முன்பு 10 ஆண்டுக்கொருமுறை மறுபடி ஊசி போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒரே ஊசி ஆயுளுக்கும் போதும். பழைய மஞ்சள் அட்டையை எறிந்துவிடாதீர்கள், அதுவும் செல்லும். புதிதாகப் போடுகிறவர்களுக்குச் சான்றிதழ் 10 நாள் கழித்தே செல்லுபடியாகும். டிக்கெட் எடுத்த கையோடு ஊசியையும் போட்டுவிடுங்கள்.