பளிச்சென்ற வண்ணமும் காரீயமும்

கதவுக்கு மஞ்சள், சன்னல் கம்பிக்குச் சிவப்பு, படிக் கைப்பிடிக்குப் பச்சை என்று அவரவர் விருப்பப்படி வீட்டை அழகுபடுத்துகிறோம். இந்நிறங்கள் எங்கிருந்து வருகின்றன?

எனாமல் பெயின்ட்டுக்கு நிறம் தருபவை, அதில் கரையாமல் மிதக்கும் நுண்ணிய நிறமித் துகள்களே. பளிச்சென்ற மஞ்சளுக்கு நெடுங்காலம் பயன்பட்டது காரீயக் குரோமேட் என்னும் உப்பு. அதனுடன் நீல நிறமி சேர்ந்தால் பச்சை கிடைக்கும். விலை குறைவு, பழைய நிறத்தை நன்றாக மறைக்கும். ஆகவே எங்கும் பரவியது.

ஆனால் பெயின்ட் உதிரும்போது காரீயம் தூசியாகத் தரையில் படிகிறது. தவழும் குழந்தை கையை வாயில் வைத்ததும் உள்ளே செல்கிறது. கால்சியம் செல்லும் வழியிலேயே உடலில் சேர்ந்து, வளரும் மூளையைத் தாக்குகிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. காரீயமற்ற நிறமிகளாலும் இதே நிறங்களைப் பெறலாம்.

எனவே பிடித்த நிறத்தைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். டப்பாவின் மேல் காரீய அளவு குறித்த வாசகத்தைப் படித்த பிறகே வாங்குங்கள். பழைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். நீரால் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. வேலை முடியும்வரை குழந்தைகள் அங்கே வரவேண்டாம்.