எடின்பரோ நகரில் கல்லாய் நிற்கும் சிறுவன்

ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகரம் எடின்பரோ. உலகத்தின் பல மூலைகளில் இருந்தும் உல்லாசப் பிரயாணிகள் இங்கே வருகிறார்கள். ராஜாக்களின் கோட்டையைப் பார்க்கிறார்கள். ராணி வாழ்ந்த அரண்மனையைப் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே, ஒரு சந்து வாசலுக்கு மேல், ஒரு சிறுவனின் முகம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அவன் ராஜகுமாரன் அல்ல. ஏழை வீட்டுப் பிள்ளை!

அவனுக்கு ஏன் சிலை?

பாறைமேல் கோட்டை

நகரின் நடுவே செங்குத்தான ஒரு பாறை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது எரிமலையாக இருந்தது. அதன் உச்சியில்தான் கோட்டை நிற்கிறது.

1566-ம் ஆண்டு ஜூன் 19-ந்தேதி, இந்தக் கோட்டையின் ஒரு சின்ன அறையில் ராணி மேரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஜேம்ஸ் என்று பெயர். பிற்காலத்தில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆகிய இரண்டு நாடுகளுக்கும் அவரே ராஜா ஆனார். அவர் பிறந்த அறையை இன்றும் பார்க்கலாம்.

ஸ்காட்லாந்து ராஜாக்களின் கிரீடம், செங்கோல், வாள் மூன்றும் இங்கே இருக்கின்றன. 1707-ல் இவற்றை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். 100 ஆண்டுகளுக்கு மேல் யாரும் அவற்றைத் தேடவில்லை. 1818-ல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னிலையில் பெட்டியைத் திறந்தார்கள். மூன்றும் பத்திரமாக இருந்தன!

பகல் 1 மணிக்குக் கோட்டையில் பீரங்கி முழங்கும். கடலில் நின்ற கப்பல்களுக்கு நேரம் தெரிவிக்க, 1861-ம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய வழக்கம் இது. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பீரங்கிக்கு ஓய்வு. புனித வெள்ளிக்கும் கிறிஸ்துமசுக்கும் கூட ஓய்வுதான்.

ராஜ வீதி

கோட்டையில் இருந்து இறங்கும் வீதிக்கு ‘ராயல் மைல்’ என்று பெயர். நீளம் ஒரு மைலுக்குச் சற்று அதிகம். அதன் மறுமுனையில் ஹோலிரூட் அரண்மனை.

ராணி மேரி இந்த அரண்மனையில்தான் வாழ்ந்தார். ஜேம்ஸ் பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, இங்கே ராணியின் காரியதரிசி ரிச்சியோவை எதிரிகள் குத்திக் கொன்றார்கள். அப்போது ராணி ஆறு மாதக் கர்ப்பிணி!

வானத்தை நோக்கி வீடுகள்

வீதியின் இரு பக்கமும் குறுகலான சந்துகள். பழைய நகரில் இடம் குறைவு. அதனால் மாடிக்கு மேல் மாடியாகக் கட்டினார்கள். பணக்காரரும் ஏழையும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள்.

மேரி கிங் சந்து என்று ஒன்று உண்டு. 1753-ல் அங்கே ஒரு பெரிய கட்டிடம் எழுப்பத் தொடங்கினார்கள். பழைய வீடுகளின் மேல்மாடிகளை இடித்தார்கள். கீழ்ப் பகுதியை அப்படியே விட்டு, அதன் மேலேயே கட்டினார்கள். இன்று பிரயாணிகள் படி இறங்கிப் போய் அந்தச் சந்தைப் பார்க்கிறார்கள்.

1767-ல் புது நகரம் கட்டத் திட்டம் தயாரானது. அகலமான வீதிகள், அழகான வீடுகள்! பணக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே குடி போனார்கள். பழைய நகரம் ஏழைகளுக்கு மிச்சமானது. ஒரே அறையில் ஒரு குடும்பமே வசித்தது. வீடுகளைப் பழுது பார்ப்பார் இல்லை.

நள்ளிரவில் இடிந்த வீடு

1861-ம் ஆண்டு நவம்பர் 24-ந்தேதி. பகல் 1 மணி பீரங்கி முழங்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. நள்ளிரவு தாண்டிய நேரம். ராயல் மைலில் இருந்த ஒரு பழைய மாடி வீடு திடீரென்று இடிந்து விழுந்தது. தூங்கிக் கொண்டிருந்த 35 பேர் மாண்டார்கள்.

இனி யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்போது இடிபாட்டுக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது.

“தோண்டுங்கள்! நான் இன்னும் சாகவில்லை!”

ஆட்கள் வேகமாகத் தோண்டினார்கள். ஒரு சிறுவனை உயிரோடு மீட்டார்கள். அவன்தான் ஜோசப் மெக்ஐவர்.

விழித்தது நகரம்

35 பேரின் சாவு நகரத்தையே உலுக்கியது. மறு ஆண்டே, மக்களின் சுகாதாரத்தைக் கவனிக்க டாக்டர் ஹென்றி லிட்டில்ஜானை நகரசபை நியமித்தது. ஸ்காட்லாந்தில் இப்படி ஒரு பதவி ஏற்பட்டது அதுவே முதல் தடவை.

எந்தச் சந்தில் எத்தனை பேர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள், எங்கே சாவு அதிகம் என்று அவர் கணக்கு எடுத்தார். 1865-ல் அறிக்கை கொடுத்தார். 1867-ல் சட்டம் வந்தது. நெரிசலான சேரிகளை இடித்து, காற்றும் வெளிச்சமும் வரும்படி வீதிகள் அமைத்தார்கள். ஏழைகளின் கஷ்டம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. ஆனால், ஏழை எப்படிக் குடியிருக்கிறான் என்பதை நகரசபை கவனிக்கத் தொடங்கியது.

இடிந்த இடத்தில் புது வீடு கட்டியபோது, ‘பெய்ஸ்லி குளோஸ்’ என்னும் சந்தின் வாசலுக்கு மேல் அந்தச் சிறுவனின் முகத்தைச் செதுக்கினார்கள். அவன் சொன்ன வார்த்தைகளையும் பொறித்தார்கள்.

எடின்பரோவின் பழைய நகரமும் புது நகரமும் 1995 முதல் ‘யுனெஸ்கோ’வின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. கோட்டைக்குள் போக டிக்கெட் வாங்க வேண்டும். இந்தச் சிறுவனைப் பார்க்கக் காசு வேண்டாம். சந்து வாசலில் நின்று, தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும்.