அறநிதி திரட்டும் நெறி

பிழைப்பை நாடித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ் மக்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது நெடுநாளைய வழக்கம். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946ஆம் ஆண்டில் தோன்றியது. மொழியையும் கலையையும் பேண அமைந்த இத்தகைய மன்றங்களுக்கு, துன்புற்றோர்க்கு நிதி திரட்டும் கடமையும் அவ்வப்போது வந்து சேர்கிறது. தாயகத்தில் புயலும் வெள்ளமும் நேரலாம்; வேலை தேடி வந்த ஊரில் ஒருவர் உயிர் நீக்க, உடலைச் சொந்த ஊர் சேர்க்க வழியின்றி அவர் மனைவி கலங்கி நிற்கலாம்.

அந்நேரத்தில் இரக்கம் தானாகவே பெருகும். ஒழுங்கு தானாக வருவதில்லை. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டலாகாது அன்றோ? ஆகவே, நிதி திரட்டும் விதிகளை அமைதியான காலத்திலேயே பொதுக்குழுவில் வகுத்து வைத்தல் வேண்டும்.

அவ்விதிகள் யாவை?

முதலாவது, வேண்டுகோள் விடுக்கும் உரிமை. உதவி தேவை என்று எந்த உறுப்பினரும் எடுத்துரைக்கலாம். ஆயின், உதவி பெறுவோர்க்கு உறவினரல்லாத மூவர் அதனை ஆராய்ந்து ஒப்பிய பின்னரே சங்கத்தின் பெயரால் நிதி கேட்கலாம். மருத்துவ உதவியாயின், மருத்துவமனை எழுதித் தரும் செலவு மதிப்பீட்டைப் பார்த்து, தொகையை மருத்துவமனைக்கே நேராகச் செலுத்துதல் நலம்.

இரண்டாவது, நோக்கமும் எல்லையும். எதற்காக, எவ்வளவு, எந்நாள் வரை என்பதை வேண்டுகோளிலேயே கூறிவிட வேண்டும். மிகுதியாகச் சேர்ந்தால் என் செய்வது என்பதும் அதிலேயே இடம்பெற வேண்டும். வெள்ள நிவாரணத்துக்கென்று பெற்ற பணத்தை ஆண்டு விழாவுக்குச் செலவிடுதல், விழா எத்துணைச் சிறப்புடையதாயினும், தந்தவர்க்கு இழைக்கும் துரோகமே ஆகும்.

பொருளாகத் திரட்டுவதிலும் இவ்வெச்சரிக்கை தேவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினத்தில் பழந்துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அங்குள்ளோர்க்கு வேண்டுவது யாது எனக் கேட்டறிந்த பின்னரே திரட்டுதல் முறை.

மூன்றாவது, பணத்தைக் கையாளும் வகை. தனிப்பட்டவர் கணக்கிலோ அவரது கைப்பேசி எண்ணிலோ நன்கொடை சேரலாகாது. சங்கத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம், வரிசை எண்ணிட்ட ரசீது ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. பொருளாளர் நேர்மையாளர் என்பதால் இவை வேண்டாம் என்பது தவறு. நேர்மையாளரை வீண்பழியிலிருந்து காப்பவையும் இவையே.

நான்காவது, அவசர நிதி. உடலை ஊருக்கு அனுப்பும் செயல் குழுக் கூட்டத்துக்காகக் காத்திராது. ஆகவே சிறு தொகையொன்றை நிலையாக ஒதுக்கி, குறித்த வரம்பு வரை தலைவரும் செயலாளரும் உடனே வழங்கிப் பின்னர்க் குழுவுக்கு அறிவிக்க இடமளித்தல் வேண்டும்.

ஐந்தாவது, மானம் காத்தல். இன்னார் இவ்வளவு தந்தார் என மேடையில் படிப்பது, இயலாதவரை நாணச் செய்யும். உதவி பெற்றவரை மேடையேற்றிப் படம் எடுப்பது அதனினும் கொடிது.

சட்டத்தையும் நோக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டப்படி, பதிவு பெறாதோர் அறப்பணிக்கெனப் பொதுமக்களிடம் பணம் திரட்டுமுன் அறக்கட்டளை ஆணையரின் அனுமதியை நாட வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பும் தொகை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிய பதிவோ முன்அனுமதியோ இல்லாத சங்கம் அதனை ஏற்கலாகாது. அயல்நாட்டில் வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமை நீங்காதோர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவதற்கு இத்தடை இல்லை. வருமான வரிச் சலுகைக்குரிய ரொக்க நன்கொடையின் வரம்பை 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 10,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகக் குறைத்தது. உரிய அங்கீகாரம் பெறாத சங்கம், வரிச்சலுகை உண்டு எனக் கூறவே கூடாது.

இறுதியாக, கணக்கு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. நிதி முடிந்த ஒரு திங்களுக்குள் வரவும் செலவும் தணிக்கை செய்யப்பெற்று, தந்தவர் அனைவர்க்கும் எட்ட வேண்டும். பத்து ரூபாய் தந்தவருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அவ்வாறு கேட்பதை ஐயப்பாடு எனக் கருதிச் சினத்தல் தகாது.

அயலூரில் நம்மவர் தொகை சிறிது; ஒருவரையொருவர் நம்பியே வாழ்கிறோம். ஒருமுறை கணக்குக் காட்டத் தவறினால், மறுமுறை கதவைத் தட்டுவோர்க்கு அக்கதவு திறவாது. அதனால் கேடுறுபவர் தவறு செய்தவர் அல்லர். அடுத்துத் துன்பம் நேரும் ஏழைக் குடும்பமே. அக்குடும்பத்தை மனத்தில் கொண்டு, வரும் பொதுக்குழுவிலேயே விதிகளை எழுதி வைப்போமாக.