ராத்திரி ரெண்டேகாலுக்கு ஒரு போன்: முதியோர் இல்லமும் தொலை மருத்துவமும்

என் அத்தை இருக்கும் முதியோர் இல்லம், படப்பையிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், ஒரகடம் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி ரெண்டேகாலுக்கு அங்கிருந்து ஆயாம்மா போன் பண்ணினார். "தம்பி, அம்மாவுக்குப் பேச்சு குழறுது. ஒரு மணிக்கு பாத்ரூம் கூட்டிட்டுப் போனப்போ நல்லாத்தான் பேசினாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா?"

நான் நைட் ஷிஃப்டில் இருந்தேன். "தூக்கக் கலக்கமா இருக்கும், ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் வரேன்" என்றேன். அது பக்கவாதம். அத்தைக்கு இன்றும் வலது கை சரியாக வேலை செய்யவில்லை.

ஆயாம்மா கேட்ட கேள்வி சரியான கேள்விதான். ஆனால் அதை ஒரு டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். என்னிடம் கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது, வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று அதற்குப் பிறகு படித்ததன் சுருக்கம்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு சொல் குழப்பம். நம்மூரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி; டாக்டர் இருப்பார். அமெரிக்காவில் அதே பெயர், வயதானவர்கள் தங்கிப் பராமரிக்கப்படும் இடத்தைக் குறிக்கும். அதற்கு இணையான நம் முதியோர் இல்லங்கள் பலவற்றில் ராத்திரியில் ஆயாதான் இருப்பார், மிஞ்சிப்போனால் ஒரு நர்ஸ். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், இந்திய சராசரி 8.6. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்றால் கார் கம்பெனியும் ஷிஃப்ட் பஸ்ஸில் போகும் இளைஞர்களும்தான் கண்ணில் படுவார்கள். அந்த ஷிஃப்ட் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

சரி, அன்றைக்கு வீடியோவில் ஒரு டாக்டர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

முதல் வேலை, சர்க்கரை பார்க்கச் சொல்வது. சர்க்கரை ரொம்பக் குறைந்தாலும் பேச்சு குழறும். அச்சு அசல் பக்கவாதம் மாதிரியே தெரியும். இரண்டாவது, "சிரிக்கச் சொல்லுங்க, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க." வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை கீழே இறங்குகிறதா என்பதை கேமராவிலேயே பார்த்துவிடலாம். மூன்றாவது, "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" இதுதான் தங்கக் கேள்வி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு நாம் கவனித்த நேரத்திலிருந்து தொடங்காது. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். அத்தைக்கு அது ஒரு மணி. அதாவது ஐந்தரை வரை அவகாசம் இருந்தது. நான் ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

என்ன செய்யக்கூடாது என்றும் அந்த டாக்டர் சொல்லியிருப்பார். தண்ணீரோ காபியோ கொடுக்கக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது, அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. கடைசியாக, எங்கே போவது என்ற கேள்வி. ஒரகடத்திலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, தாம்பரம், தண்டலம் என நான்கு திசையிலும் போகலாம். ஸ்கேனும் ஊசியும் இல்லாத இடத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு ஓடினால் நேரம் அதிலேயே போய்விடும். உடனே போயிருந்தால் கை பிழைத்திருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்த ஊசி எல்லோருக்கும் பொருந்தாது, போட்ட எல்லோருக்கும் கேட்காது. ஆனால் அந்த வாய்ப்பையே நான் மூடிவிட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலை மருத்துவ வழிகாட்டுதல்கள் வீடியோ, போன், குறுஞ்செய்தி மூன்றையும் அனுமதிக்கின்றன. நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால் பராமரிப்பவர் பேசலாம். நர்ஸ் மூலமாகவும் பேசலாம். ஆனால் அவசர நிலையில் ஓர் எல்லை உண்டு. முதலுதவி, உயிர்காக்கும் ஆலோசனை, எங்கே அனுப்புவது என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டு, சீக்கிரம் நேரில் காட்டச் சொல்ல வேண்டும். ஆக, வீடியோ ஆம்புலன்ஸுக்கு மாற்று கிடையாது. முதலில் 108, வண்டி வருவதற்குள் வீடியோ. வரிசை மாறக்கூடாது. அரசின் இ-சஞ்சீவனி நல்ல சேவைதான், ஆனால் அது வெளிநோயாளி ஆலோசனைக்கு. பக்கவாதத்தை வைத்துக்கொண்டு அதில் காத்திருக்கக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நல்லதில்லை. புது இடம், வெளிச்சம், சத்தம், ஊசி என்று வயதானவர்களுக்கு புத்தி தடுமாறிப்போகும்; படுத்தே கிடந்தால் கால் பலம் போகும். லேசான காய்ச்சல், அடைத்துக்கொண்ட சிறுநீர்க் குழாய், அடிபடாத சறுக்கல் போன்றவற்றில் பலதை டாக்டர் பார்த்துவிட்டு "இங்கேயே கவனிக்கலாம்" என்று சொல்ல முடியும். அதே டாக்டர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அனுப்பச் சொல்வார். எது எந்த வகை என்று ஆயாவோ நானோ பிரிக்க முடியாது. இந்தப் பிரிப்புக்குத்தான் டாக்டர் தேவை.

இங்கிலாந்தில் ஏர்டேல் அரசு மருத்துவமனை, முதியோர் இல்லங்களுக்கு 24 மணி நேரமும் வீடியோவில் நர்ஸ்கள் பேசும் மையம் ஒன்றை அமைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 11 இல்லங்களில் ராத்திரி, வார இறுதி நேரங்களுக்குத் தொலை மருத்துவம் வைத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் தெளிவான பலன் தெரியவில்லை. ஆனால் அதை அதிகம் பயன்படுத்திய இல்லங்களில் ஆஸ்பத்திரி சேர்க்கை குறைந்தது. திரையை வாங்கி மாட்டிவிட்டு யாரும் பொத்தானை அழுத்தாவிட்டால் அது வெறும் டிவிதான்.

நமக்கும் இது புதுசு இல்லை. 2000-இலேயே சித்தூர் மாவட்டம் அரகொண்டாவில் அப்போலோவின் கிராமத் தொலை மருத்துவ மையத்தை பில் கிளிண்டன் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் மாரடைப்புக்கு, சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜியை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி முடிவெடுக்கும் முறை சோதிக்கப்பட்டு, 2017-இல் ஆய்வாகவும் வெளியானது. முதியோர் இல்லத்துக்கும் அதே தர்க்கம்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஓர் இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை போகும்போது இவற்றைக் கேளுங்கள். ராத்திரியில் பிரஷர் மெஷின், சர்க்கரை மெஷின், ஆக்சிஜன் பார்க்கும் கருவி, தெர்மாமீட்டர் நான்கும் பூட்டாத இடத்தில் இருக்கிறதா? சில ஆயிரம் ரூபாயில் முடியும் விஷயம். ராத்திரியில் எடுத்துப் பேச ஒப்புக்கொண்ட டாக்டரின் நம்பர் சுவரில் இருக்கிறதா? நோய்கள், மாத்திரைகள், அலர்ஜி எல்லாம் ஒரே தாளில் இருக்கிறதா? உங்களைக் கேட்காமலே 108-ஐக் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். அத்தையின் இல்லத்தில் இப்போது அந்தத் தாள் இருக்கிறது, என் கையெழுத்தோடு. "முதல்ல வண்டி, அப்புறம் டாக்டர், அப்புறம்தான் எனக்கு போன்" என்று ஆயாம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா நானே கூப்பிட்டிருப்பேன் தம்பி" என்றார்.