சபாவின் நிர்வாகக் கமிட்டி

மார்கழி மாதத்துச் சென்னையில் ஒரு கச்சேரி நன்றாக அமைந்துவிட்டால் அதன் புகழ் முழுவதும் பாடகருக்குப் போய்ச் சேர்கிறது. ஒலிபெருக்கி சீறினாலோ, பக்கவாத்தியக்காரர் தாமதமாக வந்தாலோ, கேண்டீனில் காப்பி ஆறிப்போயிருந்தாலோ வசவு முழுவதும் சபா காரியதரிசியின் தலையில் வந்து விழுகிறது. அந்தக் காரியதரிசி யார், அவரை அந்த ஸ்தானத்தில் அமர்த்தியவர்கள் யார், அவர் செய்கிற செலவுக்கு யாரிடம் கணக்குக் காட்டுகிறார் என்பதெல்லாம், முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டபடி அமர்ந்திருக்கும் ரசிகர்களிலேயே பெரும்பாலோர் விசாரித்தறியாத விஷயங்கள்.

சட்டத்தின் பார்வையில் சபா என்பது ஒரு சங்கம். சந்தா செலுத்துகிற அங்கத்தினர்கள் வருஷாந்தர மகாசபையாகக் கூடித் தங்களுக்குள்ளேயே சிலரை நிர்வாகக் கமிட்டியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர், உபதலைவர்கள், காரியதரிசிகள், பொருளாளர் என்று பதவிகள் வகுக்கப்படுகின்றன. வக்கீலும் டாக்டரும் ஆடிட்டரும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தருமாக இப்பதவிகளை வகிப்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறுவதில்லை. நெடுங்காலம் இத்தகைய சங்கங்களுக்கு ஆதாரமாயிருந்த 1860-ஆம் வருஷத்துச் சட்டம், சங்கம் கலைக்கப்பட்டாலும் எஞ்சிய பொருளை அங்கத்தினர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளலாகாது என்று விதித்தது. பிற்பாடு வந்த 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், கமிட்டியில் மூவருக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்றும், அவர்களுடைய பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தது. ஆயினும் திரும்பவும் தேர்ந்தெடுக்கப்படுவதற்குத் தடை ஏதும் இல்லையாதலால், ஒரே காரியதரிசியைத் தலைமுறைக் கணக்கில் பார்த்துப் பழகிய சபாக்கள் நம்மிடையே உண்டு.

கமிட்டியின் வேலை என்றதும் பலருக்குப் பணம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பணம் அற்பமன்று. சீசன் டிக்கெட்டுகளை விற்றுக் கிடைக்கும் தொகை, மண்டப வாடகைக்கும் வித்துவான்களின் சன்மானத்துக்கும் போதாமற் போவதே சாதாரண அனுபவமாதலால், விழா மலருக்கு விளம்பரம் தேடுவதும், கம்பெனி முதலாளிகளின் வாசலில் காத்திருப்பதும், அறக்கட்டளைகளுக்கு ஆள் பிடிப்பதும் கமிட்டி அங்கத்தினர்களின் தலையில் விடிகிறது. ஆனால் என் அபிப்பிராயத்தில் அதைக்காட்டிலும் கடினமான காரியம் ஒன்று உண்டு. இந்த ஸ்தாபனம் எதன்பொருட்டு ஏற்பட்டது என்பதை மறவாதிருந்து, ஜனங்கள் திரண்டு வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு உகந்ததைச் செய்வதுதான் அது. இந்தச் சோதனையில் சென்னையின் பழைய சபைகள் தேறியதும் உண்டு, தவறியதும் உண்டு.

1891-ஆம் வருஷம் பல்லாரி கிருஷ்ணமாசார்லு என்னும் வக்கீலின் குழுவினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்துக் காட்டியபோது, அதுவரையில் நாடகம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த பம்மல் சம்பந்தம் என்ற பதினெட்டு வயது வாலிபர், படித்த கண்ணியமான மனிதர்களும் மேடையேறலாம் என்பதைக் கண்டு மனம் மாறி, அவ்வாண்டு ஜூலை மாதம் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கூத்தாடிகள் என்று சமூகம் ஒதுக்கிவைத்த தொழிலில், வருமானத்தை நாடாமல் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஈடுபட்டதற்கு அச்சபையே பெரிய தூண்டுகோல். சர் சி. பி. ராமசாமி ஐயர், சத்தியமூர்த்தி, ஆர். கே. சண்முகம் செட்டியார் போன்றவர்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்தனர். அத்தகைய சபை காலக்கிரமத்தில் செல்வாக்கும் மவுண்ட் ரோடில் சொந்த இடமும் வாய்க்கப்பெற்ற பிறகு, நாடகம் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய், அங்கத்தினர்கள் மாலையில் கூடிப் பொழுதுபோக்கும் கிளப்பாக மாறிவிட்டது. சினிமாவின் வரவை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. சந்தா கட்டுகிறவர்களின் சௌகரியத்தைக் கவனிப்பது கமிட்டிக்கு எப்போதும் சுலபமான மார்க்கம். அந்த மார்க்கத்தில் யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை.

இதே சுகுண விலாச சபையின் மேடையில் ஸ்திரீ வேஷம் தரித்து நடித்த இளம் வக்கீல் ஒருவர், நாடகமொன்றில் மாளவிகையாக ஆடவேண்டியிருந்ததை முன்னிட்டுத் தேவதாசிகளின் நாட்டியமான சதிரைக் கற்கப் புகுந்து, அந்தக் கலையின்மேல் தீராத பக்தி கொண்டுவிட்டார். அவர்தாம் ஈ. கிருஷ்ணய்யர். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது அதனுடன் நடந்த சங்கீத மாநாட்டின் விளைவாக, 1928 ஆகஸ்டில் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது; டாக்டர் யு. ராமராவ் அதன் முதல் தலைவர், கிருஷ்ணய்யர் காரியதரிசிகளில் ஒருவர். தேவதாசி முறையை ஒழிப்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தீவிரமாகப் பாடுபட்டு வந்ததும், கண்ணியஸ்தர்கள் சதிர்க்கச்சேரிக்குப் போவதற்கே கூசியதுமான அக்காலத்தில், 1931-இல் அகாடமி, பரம்பரை நாட்டியக்காரியான கல்யாணியின் புதல்வியர் இருவரின் நாட்டியத்தைத் தன் மேடையில் ஏற்பாடு செய்தது. கூட்டம் அதிகம் வரவில்லை. வராத கூட்டத்தையே காரணங்காட்டி விஷயத்தை அத்தோடு விட்டுவிடுவதற்கு எந்தக் கமிட்டிக்கும் நியாயம் இருந்திருக்கும். ஆனால் 1933-இல் அதே சகோதரிகளைத் திரும்பவும் மேடையேற்றினார்கள். இம்முறை மண்டபம் நிரம்பியது. முத்துலட்சுமி ரெட்டியின் கட்சியிலும் நியாயம் இருந்தது என்பதையும், கலை பிழைத்த அளவுக்கு அதைப் பரம்பரையாகக் காத்துவந்த பெண்களின் வாழ்வு செழிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதனாலேயே அச்சகோதரிகளை மறுபடியும் மேடையேற்றிய தீர்மானம் சுலபமான தீர்மானமன்று என்பதும் விளங்கும்.

அகாடமியின் அமைப்பில் மற்றொரு விசேஷமும் உண்டு. கணக்கும் கட்டடமும் நிகழ்ச்சி நிரலும் நிர்வாகிகள் வசம் இருக்க, ராக லட்சணம் போன்ற சாஸ்திர விஷயங்களை விசாரிப்பதற்கு வித்துவான்களும் பண்டிதர்களும் அடங்கிய நிபுணர் குழு தனியே வகுக்கப்பட்டது. டிசம்பர் மாநாட்டின் காலை வேளைகளில் நடந்த அவ்விவாதங்கள் அகாடமியின் சஞ்சிகையில் அச்சேறின. தலைமைப் பதவிக்குத் தீட்சிதர் கிருதிகளில் தேர்ந்த டி. எல். வேங்கடராம ஐயரைப் போன்ற நீதிபதிகளும் வந்திருக்கிறார்கள் என்றாலும், ஸ்வரம் எதுவென்று தெரியாத தனவந்தர் ராகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமலிருக்கவும், வரவுசெலவு பிடிபடாத வித்துவான் கட்டட நிதியைச் சுமக்காமலிருக்கவும் இந்தப் பிரிவினை உதவியது. சொந்தமாக மண்டபம் கட்டும் காரியமே எவ்வளவு சிரமமானது என்பதற்கு அகாடமியே சாட்சி. பந்தல்களிலும் இரவல் மண்டபங்களிலும் பல ஆண்டுகள் மாநாட்டை நடத்திய பிறகு, 1955-இல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய கட்டடம் 1962-இல்தான் திறக்கப்பட்டது.

சிறு சபாக்களில் இத்தகைய பிரிவினைக்கு இடமில்லை; ஆள் பஞ்சம். அங்கே நன்கொடை தேடிக்கொண்டு வருகிறவரே கச்சேரிப் பட்டியலையும் வகுக்கிறார்; நன்கொடையாளரின் பெண்ணுக்கு மத்தியானக் கச்சேரி கிடைத்தது எப்படி என்று வித்துவான்கள் முணுமுணுக்கிறார்கள். தமக்கோ தம் உறவினருக்கோ சம்பந்தமுள்ள விஷயம் விவாதத்துக்கு வரும்போது அந்த அங்கத்தினர் எழுந்து வெளியே போவதும், அவர் வெளியே போனதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவதுமான சாதாரணச் சம்பிரதாயம் ஒன்றே இந்த முணுமுணுப்பில் பாதியை நிறுத்திவிடும். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அசையாமல் உட்காரும் ரசிகர்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் மகாசபைக் கூட்டத்துக்கு வராமலிருப்பதால், விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் கை தூக்க, வருஷக் கணக்கு நிறைவேறிவிடுகிறது.

அதிருப்தி கொண்டவர்கள் உள்ளே இருந்து வாதாடுவதைக்காட்டிலும் வெளியே போய் வேறு சபா ஆரம்பிப்பதே நம்மவர்களின் வழக்கமாயிருக்கிறது. அவற்றில் பல வெறும் கோபதாபங்களால் பிறந்தவை. ஆனால் மெய்யான நோக்கப் பிரிவினால் பிறந்ததும் உண்டு. மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் மேலோங்கித் தமிழ்ப் பாட்டுக்குத் துக்கடா ஸ்தானமே கிடைத்ததைக் கண்டு பொறாத ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் அவரை ஆதரித்தவர்களும் 1943-இல் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார்கள். சங்கீதத்துக்கு மொழி வரம்பு கட்டலாகாது என்பது அகாடமியின் கட்சியாயிருந்தது. அந்த வாதம் பத்திரிகைகளில் நெடுநாள் நடந்து ஓய்ந்துவிட்டது. இன்றைக்கும் டிசம்பர் மாதத்தில் இரண்டு ஸ்தாபனங்களும் தனித்தனியே விழா நடத்துகின்றன; இரண்டு மேடையிலும் பாடுகிற வித்துவான்கள் இருக்கிறார்கள்; கமிட்டிகள் மாத்திரம் தனித்தனியே கூடித் தத்தம் நிகழ்ச்சி நிரலை வகுத்துக்கொள்கின்றன.