தேர்தல் விளம்பரம்: பணம் யாருடையது?

ஜனநாயகத்தில் வாக்காளருக்கு இரு வகைச் செய்திகள் இன்றியமையாதவை. தம்மிடம் வாக்குக் கேட்பவர் எத்தகையவர் என்பது ஒன்று. அவருக்காகச் செய்யப்படும் பிரசாரத்துக்குப் பணம் தருபவர் யார் என்பது மற்றொன்று. முதல் வகைச் செய்தியைப் பெறும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் அளித்த தீர்ப்புகள் உறுதி செய்தன. அதன் பயனாக, வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கடன், கல்வித் தகுதி, தங்கள் மீதுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்கின்றனர். இரண்டாவது வகைச் செய்தி வாக்காளருக்கு எந்த அளவுக்குக் கிடைக்கிறது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மகாராஷ்டிர மாநிலம் தாணே மாவட்டத்திலுள்ள உல்லாஸ்நகரை எடுத்துக்கொள்வோம். தேசப் பிரிவினையின்போது சிந்து மாநிலத்திலிருந்து வந்த அகதிகள், போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட இராணுவ முகாம்களில் குடியேற்றப்பட்டனர். அவ்விடமே பின்னர் இந்நகரமாயிற்று. 1949 ஆகஸ்ட் 8-ஆம் நாள் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி இதற்கு அடிக்கல் நாட்டினார். ஒன்றாம் முகாம் முதல் ஐந்தாம் முகாம் வரை என்றே இன்றும் இதன் பகுதிகள் வழங்குகின்றன. இதன் பெயரால் ஒரு சட்டமன்றத் தொகுதி உள்ளது. மக்களவைக்குக் கல்யாண் தொகுதியின் ஒரு பகுதி. தேர்தல் காலத்தில் இந்நகரின் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டப்படுகிறது எனக் கொள்வோம். அதனைப் படிக்கும் வாக்காளருக்குச் சட்டம் எதனைத் தெரிவிக்கிறது?

அச்சகத்தாரின் பெயர்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இல் 127ஏ என்னும் பிரிவு 1961-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. தேர்தல் சுவரொட்டியிலும் துண்டுப் பிரசுரத்திலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. வெளியிடுவோர் தாம் இன்னார் என்று கையொப்பமிட்ட உறுதிமொழியை இரு பிரதிகளாக அச்சகத்தாரிடம் தரவேண்டும். அவரை நேரில் அறிந்த இருவர் அதற்குச் சான்றளிக்க வேண்டும். அச்சகத்தார் அதன் ஒரு பிரதியை, அச்சிட்ட சுவரொட்டியுடன் சேர்த்து அதிகாரிக்கு அனுப்பவேண்டும். மாநிலத் தலைநகரில் அச்சிடப்பட்டவை தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், பிற இடங்களில் அச்சிடப்பட்டவை அந்தந்த மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் செல்லவேண்டும். ஆகவே, தாராவியில் அச்சான தமிழ்ச் சுவரொட்டி தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், உல்லாஸ்நகரில் அச்சான சிந்திச் சுவரொட்டி தாணே மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் போய்ச் சேரும். விதியை மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தேர்தல் கமிஷன் வகுத்துள்ள படிவத்தில், எத்தனை பிரதிகள் அச்சிடப்பட்டன, அதற்கு என்ன கூலி பெறப்பட்டது என்னும் விவரங்களையும் அச்சகத்தார் குறிப்பிட வேண்டும். சுவரொட்டிக்கும் செலவுக் கணக்குக்கும் இடையே பாலமாக அமைவது இந்தப் படிவமே.

சுவரொட்டிக்கென எழுந்த இவ்விதி, தெருவோரப் பெரிய விளம்பரப் பலகைகளுக்கும் பொருந்துமா என்னும் ஐயம் நெடுநாள் இருந்து வந்தது. பெயரில்லாப் பலகைகள் குறித்து முறையீடுகள் வந்தபின், 2024 ஏப்ரலில் தேர்தல் கமிஷன் அவற்றிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் தெளிவாக இருக்கவேண்டும் என்று ஆணையிட்டது. பலகைக்கு இடத்தை வாடகைக்கு விடும் மாநகராட்சிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டென்பது அவ்வாணையின் சிறப்பாகும்.

எனினும் ஒன்றை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். வெளியிட்டவரும் பணம் கொடுத்தவரும் ஒருவராகவே இருக்கவேண்டிய கட்டாயமில்லை. சட்டம் கேட்பது வெளியிட்டவரின் பெயரையே. பணத்தின் மூலத்தை அன்று.

செலவுக் கணக்கு

அடுத்த கட்டம் வேட்பாளரின் செலவுக் கணக்கு. மகாராஷ்டிரம் போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவுக்கு 40 இலட்சம் ரூபாயும், மக்களவை வேட்பாளரின் செலவுக்கு 95 இலட்சம் ரூபாயும் 2022-இல் உச்சவரம்பாக நிர்ணயிக்கப்பட்டன. முடிவு வெளியான 30 நாட்களுக்குள் கணக்குத் தரப்பட வேண்டும். ஒரு ரூபாய்க் கட்டணம் செலுத்தி எவரும் இக்கணக்கைப் பார்வையிடலாம் என்பதைப் பலர் அறியார்.

ஆனால் கட்சிகளின் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. வேட்பாளரின் பெயரோ படமோ இன்றிக் கட்சிக்கு மட்டும் ஆதரவு தேடும் விளம்பரம் கட்சியின் கணக்கில் சேர்கிறதேயன்றி, வேட்பாளரின் கணக்கில் சேர்வதில்லை. வேட்பாளரின் எழுத்து மூலமான அனுமதியின்றி அவருக்காகப் பிறர் விளம்பரம் செய்வது குற்றமாகும். முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதையிலும் இதற்கு இடமுண்டு. ஆயினும், ‘நலம் விரும்பிகள்’ என்று மட்டும் கையொப்பமிட்ட வாழ்த்துப் பலகைகளைக் காணாத நகரம் நம் நாட்டில் அரிது.

விளம்பரம் செய்தியின் உருவத்தில் வரும்போது சிக்கல் மேலும் வளர்கிறது. 2009-இல் நடைபெற்ற மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, போட்டிப் பத்திரிகைகளில் சொல்லுக்குச் சொல் ஒரே விதமான புகழ்ச்சிக் கட்டுரைகள் வெளியானது நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. ‘காசுக்குச் செய்தி’ குறித்துப் பத்திரிகைக் கவுன்சில் 2010-இல் அறிக்கை வெளியிட்டது. போகர் தொகுதியைப் பற்றிய வழக்கில், கணக்கு உண்மையானதா என்று விசாரிக்கும் அதிகாரம் தேர்தல் கமிஷனுக்கு உண்டு என 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தொகுதியின் கணக்குக் குறித்துக் கமிஷன் ஜூலையில் பிறப்பித்த ஆணையை டில்லி உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. செய்திக்குப் பணம் கைமாறியதை மெய்ப்பிப்பது எத்துணைக் கடினம் என்பதை இது காட்டுகிறது. எனினும் அது இயலாததன்று. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதி உறுப்பினர் ஒருவர், இத்தகைய செலவைக் கணக்கில் காட்டாமைக்காக 2011-இல் மூன்றாண்டுத் தகுதியிழப்புக்கு ஆளானார்.

நன்கொடையின் ஊற்று

கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்னும் வினா பம்பாய்க்குப் புதிதன்று. டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்காகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்த முற்பட்டபோது, 1957-இல் அது பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வழக்காக வந்தது. அன்றைய சட்டப்படி அதனைத் தடுக்க இயலாது என்று கண்ட தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா, பெருநிறுவனங்களின் பணம் ஜனநாயகத்துக்கு விளைவிக்கக்கூடிய ஆபத்தை எடுத்துக்காட்டி எச்சரித்தார். கம்பெனி நன்கொடைக்கு 1960-இல் வரம்பு விதிக்கப்பட்டது; 1969-இல் அது முற்றிலும் தடை செய்யப்பட்டது; 1985-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தடை நிலவிய காலத்தில் கட்சி மலர்களில் விளம்பரம் தருவது என்னும் பெயரால் பணம் சென்றது. ஆதலின் மலர் விளம்பரமும் நன்கொடையே என்று 1985-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது.

2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. 2024 பிப்ரவரி 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இது வாக்காளரின் செய்தி பெறும் உரிமைக்கு மாறானது என்று கூறி அத்திட்டத்தைச் செல்லாததாக்கியது. அதனைத் தொடர்ந்து மார்ச்சு மாதம் கொடுத்தோர், பெற்றோர் பட்டியல்கள் வெளியாயின. அத்திட்டத்தின் வழியே கட்சிகளுக்குச் சென்ற தொகை 16,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டதாகும். இத்தீர்ப்பின் பின்னரும், 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடை தந்தவரின் பெயரை மட்டுமே கட்சிகள் தேர்தல் கமிஷனுக்குத் தெரிவித்தால் போதும். நிதியாண்டு முடிந்து பல மாதங்கள் கழிந்த பின்னரே அவ்விவரம் வெளிவருகிறது.

புதிய சாதனங்கள்

தொலைக்காட்சி அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்று பெறவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஆணையிட்டது. சமூக வலைத்தளங்களுக்கும் இவ்விதியைத் தேர்தல் கமிஷன் 2013-இல் விரிவுபடுத்தியது. கூகுள், பேஸ்புக் ஆகிய நிறுவனங்கள் 2019 முதல் நம் நாட்டு அரசியல் விளம்பரங்களைத் தொகுத்து, விளம்பரதாரர் பெயரையும் செலவையும் வெளியிடத் தொடங்கின. இங்கும் தெரிவது விளம்பரதாரராகப் பதிவு செய்தவரின் பெயரே. அவருக்குப் பணம் தந்தவர் மறைந்தே நிற்கலாம். பிரிட்டன் 2023 நவம்பர் முதல் இணைய விளம்பரங்களிலும் வெளியிடுவோர் பெயரைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியக் கூட்டமைப்பின் விதிகள் 2025 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அவை பணம் தந்தவர் யார், எவ்வளவு என்பதை விளம்பரத்தோடு சேர்த்தே தெரிவிக்கக் கோருகின்றன.

இணைக்கவேண்டிய ஏடுகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், நம்மிடம் விதிகள் இல்லாமலில்லை என்பது தெளிவு. அச்சகத்தாரின் படிவம் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. வேட்பாளரின் கணக்கு மற்றோர் அலுவலகத்தில் இருக்கிறது. நன்கொடையாளர் பட்டியல் டில்லியில் இருக்கிறது. மூன்றையும் ஒப்புநோக்கினாலன்றி, உல்லாஸ்நகரின் சுவரொட்டி எவருடைய பணத்தில் அச்சானது என்பது புலனாகாது. இவற்றுள் கணக்கும் பட்டியலும் வாக்களிப்பு முடிந்த பின்னரே வந்து சேர்கின்றன. அவை தணிக்கைக்கு உதவலாம். வாக்களிக்கும் முன் சீர்தூக்கிப் பார்க்க விரும்பும் குடிமகனுக்கு உதவா.

ஆகவே மூன்று நடவடிக்கைகள் தேவைப்படுகின்றன. விளம்பரத்திலேயே வெளியிட்டவர் பெயரோடு பணம் தந்தவர் பெயரும் இடம்பெற வேண்டும். அச்சகப் படிவங்கள் பிரசார காலத்திலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பெரிய நன்கொடைகள் தேர்தல் நாளுக்கு முன்பே வெளியிடப்பட வேண்டும். சிறுதொகை தரும் ஏழைத் தொண்டரின் பெயரை வெளியிட்டு, அவரை மாற்றுக் கட்சியினரின் பகைக்கு ஆளாக்க வேண்டியதில்லை; ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகைகளே இதற்குப் போதும்.

முதல் நடவடிக்கைக்கும் மூன்றாவதற்கும் சட்டத்திருத்தம் தேவைப்படலாம். இரண்டாவதற்கு வேண்டிய ஏடுகள் மாவட்ட அலுவலகத்துக்கு வரவேண்டியவையே. அவை ஒழுங்காக வருகின்றனவா என்று பார்ப்பதும், வந்தவற்றைச் செலவுக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பதும் தேர்தல் பணியிலுள்ள அலுவலரின் கையில் உள்ளன. ஒரு ரூபாய் செலுத்தித் தம் தொகுதியின் கணக்கைப் படித்துப் பார்ப்பது மாணவருக்கும் இயலக்கூடிய காரியமே.